உஷாகோவ் பதக்கம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

இரண்டாம் உலகப் போரில் வடதுருவக் கடல் வழியாக சோவியத் ஒன்றியத்துக்குச் சரக்கு கொண்டுபோன பிரிட்டிஷ் மாலுமிகளுக்குப் பதக்கம் தர ரஷ்யா முன்வந்தது. அது 2012-ஆம் ஆண்டு. போர் முடிந்து 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று உயிரோடிருந்தவர்களில் மிக இளையவருக்கே எண்பது வயது தாண்டியிருந்தது. பலர் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். "வாங்கிக்கொள்ள அனுமதி இல்லை" என்று சொன்னது அவர்களின் சொந்த அரசு. அடுத்த ஆண்டே அந்த முடிவு மாறியது. இந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த உஷாகோவ்? இது என்ன பதக்கம்?

ஃபியோதர் உஷாகோவ் 18-ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கடற்படைத் தளபதி. 1745-இல் பிறந்து 1817-இல் இறந்தவர். கடற்போரில் தோல்வியே காணாதவர் என்று ரஷ்யர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். 2001-இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டமும் கொடுத்தது.

அவர் பெயரில் இரண்டு விருதுகள் உண்டு. இரண்டுமே போர் நடந்துகொண்டிருந்த 1944 மார்ச் மாதம் சோவியத் அரசு ஏற்படுத்தியவை. 'உஷாகோவ் விருது' அதிகாரிகளுக்கு. 'உஷாகோவ் பதக்கம்' கீழ்நிலை மாலுமிகளுக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நாம் பேசுவது இரண்டாவதை. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் ரஷ்யா இதைக் கைவிடவில்லை; 1994-இல் தன் விருதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால், இது கடலோடிக்கென்றே செய்தது என்பது தெரிந்துவிடும். வட்டமான வெள்ளித் தகட்டின் நடுவில் உஷாகோவின் உருவம். தகட்டுக்குப் பின்னாலிருந்து நங்கூரத்தின் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே வெளிர்நீல நாடா. அந்த நாடாவின் மேல் குட்டி நங்கூரச் சங்கிலி ஒன்று கண்ணி கண்ணியாக இரு பக்கமும் சரிந்து தொங்கும். மற்றப் பதக்கங்களுக்கு நடுவே இருந்தாலும் அந்தச் சங்கிலியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

சரக்குக் கப்பலில் போனதற்கெல்லாம் பதக்கமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பதக்கத்தின் நியாயம் முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது.

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. டாங்கி, விமானம், லாரி, வெடிமருந்து, எரிபொருள், பூட்ஸ் என எல்லாமே அங்கே தேவைப்பட்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் அனுப்பத் தயாராக இருந்தன. எந்த வழியில் அனுப்புவது என்பதுதான் சிக்கல். பசிபிக் வழி வெகுதூரம். பாரசீக வழியில் சாலையும் ரயிலும் இனிமேல்தான் சீராக வேண்டும். மிச்சமிருந்த குறுகிய வழி நார்வேயின் தலைக்கு மேலே, வடதுருவ வட்டத்தைத் தாண்டிப் போகும் கடல்வழி. ஐஸ்லாந்திலோ ஸ்காட்லாந்தின் லாக் யூ விரிகுடாவிலோ கப்பல்கள் அணி சேர்ந்து புறப்படும். மூர்மான்ஸ்க் அல்லது ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்தில் போய் இறக்கும். முதல் அணிக்கு 'டெர்விஷ்' என்று பெயர். 1941 ஆகஸ்ட் 21-இல் ஐஸ்லாந்திலிருந்து கிளம்பி 31-ஆம் தேதி ஆர்க்காங்கெல்ஸ்க் சேர்ந்தது. அப்போது தொடங்கி 1945 மே வரை 78 அணிகள், ஏறத்தாழ 1,400 வணிகக் கப்பல்கள், சுமார் 40 லட்சம் டன் சரக்கு.

மூர்மான்ஸ்க் வடதுருவ வட்டத்துக்குள் இருந்தாலும் அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அதுவரை எட்டுவதால் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஆர்க்காங்கெல்ஸ்க் அதற்குத் தெற்கே இருந்தும் உறைந்துவிடும். ஆனால் மூர்மான்ஸ்க் போர்முனைக்கு மிக அருகில் இருந்தது. ஜெர்மன் விமானங்கள் சில நிமிடங்களில் வந்து குண்டு போட்டுவிட்டுப் போகும். வழியெல்லாம் தப்பித்து வந்த கப்பல் சரக்கு இறக்கும்போது அடிபட்ட கதைகளும் உண்டு.

கடல் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அலை தெறிக்கும் நீர், தளத்தில் விழுந்ததும் உறையும். கைப்பிடிக் கம்பி, கயிறு, பாய்மரம், பீரங்கி எல்லாவற்றின் மேலும் பனி ஏறும். அழகுக்காகப் படியும் பனி இல்லை அது. டன் கணக்கில் எடை. எடை மேலே ஏற ஏறக் கப்பலின் நிலைப்பு குலையும். ஒரு பெரிய அலை சாய்த்தால் நிமிராமல் அப்படியே கவிழ்ந்துவிடலாம். அதனால் மாலுமிகள் முறை போட்டுக்கொண்டு கோடரியும் சுத்தியும் மண்வெட்டியும் எடுத்துப் பனியை உடைத்துக் கடலில் தள்ளினார்கள். தள்ளி முடித்த இடத்தில் மறுபடி ஏறும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். கடலில் விழுந்தவருக்குச் சில நிமிடங்கள்தான். பக்கத்துக் கப்பலில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரல் அடங்கிவிடும். நீர்மூழ்கிக் கப்பல்கள் சுற்றிவரும் கடலில் நின்று தூக்கவும் முடியாது. தப்பித்து ஊர் திரும்பிய பலரை ஆயுள் முழுக்க வருத்தியது இந்த நினைவுதான்.

இன்னொன்று, பருவம் எதுவானாலும் அபாயம் விடவில்லை. கோடையில் பனிப்படலம் பின்வாங்குவதால் நார்வேயை விட்டு விலகி வடக்கே ஒதுங்கிப் போகலாம். ஆனால் அங்கே கோடையில் இரவே கிடையாது. இருபத்துநான்கு மணி நேரமும் விமானத்தின் கண்ணில் படலாம். குளிர்காலத்தில் நாளெல்லாம் இருட்டு, அது பாதுகாப்புதான். ஆனால் பனிப்படலம் தெற்கே இறங்கிக் கப்பல்களை ஜெர்மன் தளங்கள் இருந்த கரைப்பக்கம் நெருக்கித் தள்ளும், புயலும் சேர்ந்துகொள்ளும்.

1942 ஜூன் 27-இல் ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட பி.க்யூ.17 அணியைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. 'டிர்பிட்ஸ்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் தாக்க வருகிறது என்று அஞ்சி, ஜூலை 4-ஆம் தேதி லண்டனிலிருந்து கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் ஓர் உத்தரவு போட்டார்: அணி கலைந்து ஒவ்வொரு கப்பலும் தனித்தனியே போகட்டும். காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் விலகிக்கொண்டன. டிர்பிட்ஸ் அந்த அணியின் அருகே வரவே இல்லை. வந்தவை நீர்மூழ்கிகளும் விமானங்களும். வழித்துணையின்றி நின்ற சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. மொத்தம் 24. உயிர் தப்பியவர்களில் சிலர் திறந்த படகுகளில் துடுப்புப் போட்டு நோவயா ஜெம்லியா தீவின் கரையேறினார்கள்.

நான்கு ஆண்டுகளில் மூழ்கியவை 85 வணிகக் கப்பல்கள், 16 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். சரக்குக் கப்பலில் போனதற்கா பதக்கம் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை படித்தால் போதும்.

கடற்படை வீரருக்கு மட்டுமா, வணிகக் கப்பல் ஊழியருக்கும் உண்டா?

இருவருக்கும் உண்டு. அதுதான் சரியும்கூட. சமையல்காரர், நிலக்கரி அள்ளிப் போட்டவர், கம்பியில்லாத் தந்தி இயக்கியவர் என எல்லோரும் ஒரே கப்பலில் ஒரே குண்டுக்குக் கீழே இருந்தவர்கள். சீருடை இல்லாத காரணத்தால் ஊருக்குத் திரும்பியபோது இவர்களுக்குக் கிடைத்த மதிப்பு குறைவு. சட்டையில் குத்திக்கொள்ள 'எம்.என்.' (மெர்ச்சன்ட் நேவி, அதாவது வணிகக் கடற்படை) என்ற எழுத்துகள் பொறித்த சின்ன பேட்ஜ் ஒன்றுதான் அடையாளம். 1941 மே மாதம் வரை இன்னொரு கொடுமையும் நடந்தது. கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளம் நின்றுவிடும். உயிர்காப்புப் படகில் மிதந்த நாட்களுக்குக் கூலி இல்லை. அமெரிக்காவில் போர்க்கால வணிகக் கப்பல் ஊழியர்களை 'முன்னாள் படைவீரர்' என்று ஏற்றுக்கொண்டதே 1988-இல்தான்.

சொந்த நாடு எதுவும் கொடுக்கவில்லையா?

'அட்லாண்டிக் ஸ்டார்' என்ற பதக்கம் இருந்தது. வடதுருவ அணிகள் அட்லாண்டிக் போரின் ஒரு பகுதி என்பது அரசின் கணக்கு. மாலுமிகள் இதை ஏற்கவே இல்லை. ஒன்று, அவர்கள் போனது வேறு கடல், வேறு ஆபத்து. இரண்டு, அட்லாண்டிக் ஸ்டாருக்கு மாதக்கணக்கில் கடற்சேவை காட்ட வேண்டும். ஒன்றிரண்டு முறை மூர்மான்ஸ்க் போய் உயிர் பிழைத்து வந்தவருக்கு அந்த நாட்கணக்கு தேறாமல் போகலாம்.

போர் முடிந்த கையோடு பனிப்போர் தொடங்கிவிட்டது. ரஷ்யருக்கு உதவிய சேவையைக் கொண்டாட லண்டனில் யாருக்கும் மனம் வரவில்லை என்று மாலுமிகள் நம்பினார்கள். அரசுக் கோப்பு இப்படிச் சொல்லாது. ஆனால் அடுத்தடுத்த அரசுகள் காட்டிய மௌனத்தைப் பார்த்தால், அவர்கள் நம்பியதில் தவறு காண என்னால் முடியவில்லை.

மாலுமிகளும் குடும்பத்தினரும் விடாமல் போராடியதில் 2006-இல் கிடைத்தது கோட்டில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னம். பதக்கம் இல்லை. பிறகு ஜான் ஹோம்ஸ் என்ற முன்னாள் தூதர் பதக்க விதிகளை மறுஆய்வு செய்தார். அதன்பேரில் 2012 டிசம்பரில் பிரதமர் டேவிட் கேமரன் 'ஆர்க்டிக் ஸ்டார்' என்ற தனிப் பதக்கத்தை அறிவித்தார். ஆறு முனை நட்சத்திரம். நாடாவின் நடுவே பனியைக் குறிக்கும் வெள்ளைக் கோடு. வடதுருவ வட்டத்துக்கு வடக்கே ஒரு நாள் பணிசெய்திருந்தாலும் தகுதி உண்டு. 2013 மார்ச்சில் முதல் பதக்கங்கள் பிரதமர் இல்லத்தில் வழங்கப்பட்டன.

இடையில் வேறொரு சம்பவம். 1942 மே மாதம் மூழ்கிய 'எடின்பரோ' போர்க்கப்பலில், போர்ச் சரக்குக்கு விலையாக ஸ்டாலின் அனுப்பிய தங்கக் கட்டிகள் 465 இருந்தன. எடை நாலரை டன். 1981-இல் முக்குளிப்பவர்கள் சுமார் 245 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி 431 கட்டிகளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். கடலடியில் கிடந்த தங்கத்தைத் தேடிப் போக 39 ஆண்டுகள் போதுமாக இருந்தன. அதே கடலில் போய்வந்த மனிதரின் சட்டையில் சொந்த நாடு ஒரு நட்சத்திரத்தைக் குத்துவதற்கு 68 ஆண்டுகள் ஆயின.

ரஷ்யா கொடுத்ததை வாங்க பிரிட்டன் ஏன் தடை போட்டது?

இதைப் பகைமை என்று பலர் நினைக்கிறார்கள். தடையாக நின்றவை பழைய விதிகள். வெளிநாட்டுப் பதக்கம் எதையும் பிரிட்டிஷ் குடிமகன் அணிய அரச அனுமதி வேண்டும். அதற்கு வெளியுறவுத் துறை இரண்டு அளவுகோல் வைத்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பழைய சேவைக்குத் தரப்படும் பதக்கத்தை ஏற்கக் கூடாது. ஒரே சேவைக்குச் சொந்த நாடு அங்கீகாரம் தந்திருந்தால் வெளிநாட்டின் பதக்கத்தை ஏற்கக் கூடாது. உஷாகோவ் பதக்கம் இரண்டிலும் அடிபட்டது. சொந்த நாட்டு அங்கீகாரம் என்று காட்டப்பட்டவை அட்லாண்டிக் ஸ்டாரும் அந்தக் கோட்டுச் சின்னமும்தான்.

விதிகளுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த நாடும் தன் ராஜதந்திர வசதிக்காக இன்னொரு நாட்டின் படைவீரர்களுக்கு இஷ்டம்போல் பதக்கம் மாட்டிக்கொண்டே போகலாம் என்றால், பதக்கத்துக்கே மதிப்பு இருக்காது. போர்க்காலத்தில் கொடுத்தபோது பிரிட்டன் தடுக்கவும் இல்லை. 1941-இல் மூர்மான்ஸ்க் அருகே பறந்து சண்டையிட்ட பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவில் நால்வருக்கு சோவியத் அரசு லெனின் விருதே கொடுத்தது, அவர்கள் பெற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஐந்து ஆண்டு விதி, இளைஞர்களையும் நடப்புப் போர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. தொண்ணூறை எட்டிய மனிதருக்கு அதைப் பிடித்து அளந்தது தவறு. விதியை மறுபரிசீலனை செய்யும் மாதங்களில் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

விதி வளைந்ததற்கு முன்னுதாரணங்களும் இருந்தன. முற்றுகையைத் தாங்கிய மால்டா தீவு 1992-இல் வழங்கிய நினைவுப் பதக்கத்தை அணிய பிரிட்டன் அனுமதித்தது. மலாயாவில் பணிசெய்தவர்களுக்கு மலேசிய அரசு வழங்கிய 'பிங்கட் ஜாசா மலேசியா' பதக்கத்துக்கு முதலில் வந்த பதில் விசித்திரமானது: வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அணியக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து அணியவும் அனுமதி கிடைத்தது. இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு 2012-இல் 'விதி இடம் கொடுக்கவில்லை' என்று கைவிரித்ததுதான் மாலுமிகளைப் புண்படுத்தியது.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகள் தங்கள் மாலுமிகள் இதே பதக்கத்தைப் பெறுவதற்குத் தடை சொல்லவில்லை. அதே கடலில் அதே அணியில் போன கனடாக்காரர் அணிந்துகொள்வார், பிரிட்டிஷ்காரர் அணிய முடியாது என்ற நிலை.

பிறகு எப்படி அனுமதி கிடைத்தது?

மாலுமிகளின் கோபம் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனது. ஆர்க்டிக் ஸ்டார் வந்தபின், இவர்களின் சேவை தனித்தன்மை வாய்ந்தது என்று அரசே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. அப்புறம் ரஷ்யப் பதக்கத்தை மட்டும் தடுத்து நிறுத்துவது கடினம். 2013-இல் இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 16-இல், ஜி-8 மாநாட்டுக்காக வந்த ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின், லண்டனில் பிரதமர் இல்லத்தில் வைத்து மாலுமிகள் சிலருக்குப் பதக்கம் அணிவித்தார். மற்றவர்களுக்கு ரஷ்யத் தூதரகம் ஊர் ஊராகச் சென்று வழங்கியது. தேம்ஸ் ஆற்றில் அருங்காட்சியகமாக நிற்கும் 'பெல்ஃபாஸ்ட்' போர்க்கப்பலின் தளத்திலும் விழா நடந்தது. வடதுருவ அணிகளுக்குக் காவல் போன கப்பல் அது. துருப்பிடித்துப்போன அதன் பாய்மரக் கம்பங்களுக்குப் பதிலாக 2010-இல் புதியவற்றைச் செய்து கொடுத்ததும் ரஷ்யர்களே.

இன்றைய ரஷ்யாவின் பதக்கத்தை அணிவது சரியா?

உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. கேட்பவர்களின் மனவேதனை எனக்குப் புரிகிறது. என் பதில் இது. 1942-இல் இறக்கிய சரக்குக்கான பதக்கம் இது. அந்த டாங்கியும் மாவும் போய்ச் சேர்ந்தது இன்றைய ரஷ்ய அரசுக்கு அல்ல. ஹிட்லரின் படை சூழ்ந்திருந்த மக்களுக்கு. அந்த மக்களில் ரஷ்யர் இருந்தார்கள், உக்ரைனியர் இருந்தார்கள், பெலாரஷ்யர் இருந்தார்கள். கொடுத்த கை எதுவாக இருந்தாலும், சம்பாதித்தது மாலுமியின் உழைப்பு. அணிவதும் பெட்டிக்குள் வைப்பதும் அவரவர் மனச்சாட்சி. இரண்டையும் மதிக்க வேண்டும். அணிந்திருக்கும் முதியவரைப் பார்த்து 'புதின் ஆதரவாளர்' என்று சொல்வது மட்டும் பெரும் அநியாயம்.

இந்தியருக்கு இப்படி வந்தால் வாங்கலாமா?

அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, இந்தியக் குடிமகன் வெளிநாட்டிடமிருந்து 'பட்டம்' பெறுவதைத் தடை செய்கிறது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'சர்' போன்றவை அதில் அடங்கும். கௌரவ விருதும் பதக்கமும் வேறு. ரஷ்யாவின் புனித ஆந்திரேய் விருதை நம் பிரதமரே 2024-இல் கிரெம்ளினில் பெற்றார்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் மெல்லிய நூல் ஒன்று உண்டு. சோவியத் ஒன்றியத்துக்குச் சரக்கு போன இன்னொரு வழி பாரசீகச் சாலை என்று பார்த்தோம். அந்த வழியில் இந்தியப் படையின் போக்குவரத்துப் பிரிவு வீரர்களும் உழைத்தார்கள். அவர்களில் இருவருக்கு 1944-இல் சோவியத் அரசு 'செந்நட்சத்திர விருது' அளித்தது. ஒருவர் இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங். மற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம். வடக்கே பனிக்கடல், தெற்கே பாலைவன மலைப்பாதை. சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். நம் பாடப்புத்தகங்களில் இந்த இருவருக்கும் ஒரு வரி கொடுக்கலாம்.

இறந்துபோனவர்களின் குடும்பத்துக்குக் கிடைக்குமா?

ஆர்க்டிக் ஸ்டார் கிடைக்கும். மாலுமி உயிரோடு இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினர் விண்ணப்பித்துப் பெறலாம். சேவைப் பதிவேட்டில் கப்பலின் பெயரும் தேதியும் ஒத்துவர வேண்டும்.

உஷாகோவ் பதக்கம் அப்படி இல்லை. உயிரோடு இருக்கும் மாலுமிக்குத்தான். விதிவிலக்கு வருவதற்கு முந்தைய மாதம் இறந்தவரின் மனைவிக்கும் இது இல்லை. தாமதம் எதைப் பறித்தது என்பதை இந்த ஒரு நிபந்தனையில் பார்க்கலாம்.

எந்தப் பக்கம் அணிவது?

பிரிட்டிஷ் வழக்கப்படி சொந்த நாட்டுப் பதக்கங்கள் முதலில், வெளிநாட்டுப் பதக்கங்கள் வரிசையின் கடைசியில். எனவே ஆர்க்டிக் ஸ்டாருக்கு அப்புறம்தான் சங்கிலி தொங்கும் உஷாகோவ் வரும். பெற்றவர் இடது மார்பில் அணிவார். நவம்பர் மாத நினைவு நாள் அணிவகுப்பில் சில இளைஞர்களும் நடுவயதுப் பெண்களும் வலது மார்பில் பதக்கம் குத்தியிருப்பதைப் பார்க்கலாம். தவறிப்போய்க் குத்தியது இல்லை அது. தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ உரிய பதக்கத்தை வாரிசு அணியும்போது வலப்பக்கம் அணிய வேண்டும் என்பது மரபு.